ஆராயி அக்காவின் துலுக்காத கிடா

ஆராயி அக்கா மலையிலிருந்து பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினால் வளைவுக்கு ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இருபது வளைவு. அடிவாரம் வந்து சேரும்போது இரண்டு கன்னமும் சிவந்திருக்கும். ஒருநாள் கண்டக்டர், "ஏனுங்கம்மா, பல்லு வலிங்களா?" என்று கேட்டார். அக்கா அவர் பங்குக்கும் சேர்த்து ஒருமுறை போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பஸ் பயமில்லை, பள்ளம் பயமில்லை. கருப்பனிடம்தான் பயம்.

எங்கள் ஊர் செம்மநத்தத்திலிருந்து காப்பி எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் ஒரு பலாமரம் உண்டு. அதனடியில் இடுப்பளவுக் கல் ஒன்று நிற்கும். கண்ணும் மீசையும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதுதான் கருப்பன். ஊரில் எல்லோரும் அந்த வழியாக வேலைக்குப் போவார்கள். அக்கா மட்டும் ஓடைப் பக்கமாக இறங்கி ஏறி, ஒரு மைல் சுற்றி வருவாள். கேட்டால், அந்த வழியில் அட்டைப்பூச்சி என்பாள். அவள் போகிற வழியில்தான் அட்டை அதிகம் என்று ஊருக்கே தெரியும்.

நான் அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து கல்யாணமாகி மேலே வந்தது எழுபத்தாறில். அக்கா வீடு எங்களுக்கு அடுத்த வீடு. காப்பிப் பழம் பறிக்கையில் என் வரிசைக்குப் பக்கத்து வரிசை அவளுடையது. ஐந்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். "உங்கிட்டச் சொன்னா கெணத்துல போட்ட கல்லு கண்ணு" என்பாள்.

விஷயம் இதுதான். நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, அவள் மகன் மாரிசாமிக்கு ஏழு வயதில் விடாத காய்ச்சல் வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். பையன் பிழைத்தால் கருப்பனுக்குக் கிடா வெட்டுவதாக அக்கா வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். மார்கழியில் கிடாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

எங்கள் பக்கம் கிடாவை நிறுத்தியவுடன் வெட்ட மாட்டார்கள். மாலை போட்டு, அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். ஆடு தலையிலிருந்து வால் வரை உடம்பைச் சிலிர்த்து உதறினால், துலுக்கிவிட்டது, சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி. சில ஆடு உடனே துலுக்கும். சில ஆடு உச்சிப்பொழுது வரை நிற்கும். நம் காரியம் என்னவோ அதைச் சாமியிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தைய வருஷம் யார் வீட்டுக் கிடாவோ பத்து மணி வரை துலுக்காமல் நின்று, போனவர்களுக்கெல்லாம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் அரை நாள் கூலிதான் போட்டுவிட்டார். அக்கா அதை மறக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே குடத்தில் தண்ணீர் பிடித்து, மூடாமல் வாசலில் வைத்துவிட்டாள். மார்கழிப் பனி. காலையில் அந்தத் தண்ணீரில் விரல் வைத்தால் விரல் இருப்பது தெரியாதாம். முதல் செம்பு ஊற்றியதும் கிடா துலுக்கிவிட்டது.

ஊரே மெச்சியது. ஆராயி பக்தி அப்படி, கேட்ட உடனே உத்தரவு குடுத்துட்டான் என்றார்கள். அவர்கள் மெச்ச மெச்ச அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆடு குளிரில் நடுங்கியதைச் சாமி உத்தரவு என்று சொல்லி வெட்டித் தின்றுவிட்டோமே, கருப்பனை ஏமாற்றிவிட்டோமே என்ற எண்ணம் அன்று மத்தியானச் சோற்றோடு உள்ளே போனது. அப்புறம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எது நடந்தாலும் அவளுக்கு அது கருப்பன் கைதான். கோழி சின்ன முட்டை இட்டாலும் கருப்பன். ஆலங்கட்டி விழுந்து காப்பிப் பூ கொட்டினாலும் கருப்பன். எண்பத்து மூன்றில் மழையே இல்லாமல் ஊற்றெல்லாம் வற்றியபோது, தன்னால்தான் மலைக்கே இந்தக் கதி என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவள் புருஷன் சின்னையன் அண்ணன் சிரிக்காமல் கேலி செய்கிறவர்.

"மெட்ராசுலயும் மழை இல்லையாம். அதுக்கும் நீதானா, இல்ல அங்க வேற ஆளு இருக்குதா?" என்று கேட்டார்.

அவருக்கு விஷயம் தெரியாது. பெண்டாட்டிக்குச் சாமி பயம் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டில் மாரிசாமிக்குப் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. அங்கேதான் சிக்கல். கல்யாணப் பத்திரிகையை முதலில் கருப்பன் காலடியில் வைக்க வேண்டும். வைக்க வேண்டியது மாப்பிள்ளையின் தாய். வேறு யாரும் வைக்கக் கூடாது. சேலத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அக்கா அதைத் தாண்டிப் போய் அரிசி எடுக்க மாட்டாள். என்னைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வாள். பத்து நாளில் பாதி ஆளாகிவிட்டாள். சாமி என்னை அடிக்கட்டும் கண்ணு, ஆனா அந்தப் பையன் வாழ்க்கையில கைய வெச்சா நான் என்ன செய்வேன் என்று கேட்டாள்.

கருப்பன்கிட்டயே கேளுங்கக்கா என்றேன். பழத்தைப் பறித்தபடியே சொன்னதுதான். அவள் கை நின்றுவிட்டது.

மறுநாளே பூசாரி குழந்தைவேலிடம் போய், தனக்கு ஒரு வரம் கேட்க வேண்டும், ஒரு கிடா நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் வளர்ந்த கறுப்புக் கிடா. சின்னையன் அண்ணன் அதற்குத் தன் தட்டிலிருந்தே களி கொடுத்துப் பழக்கியிருந்தார். அவர் முகம் வாடிப்போனது.

அன்றைக்கும் மார்கழி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டம். அக்கா இந்தத் தடவை குடத்தை வாசலில் வைக்கவில்லை. அடுப்பில் ஏற்றி வெதுவெதுப்பாகச் சுட வைத்து, ஆறாமல் இருக்கத் துணி சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறாற்போல இருந்தது. எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

வேலைக்குப் போகிற வழி என்பதால் பறிக்கிற பெண்கள் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். பூசாரி மாலை போட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே முதல் செம்பு ஊற்றினாள். ஆடு சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு. ஒன்றும் இல்லை. பூசாரி, வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லும்மா, மனசுக்குள்ளயே வெச்சிருந்தா அவனுக்கு எப்படிக் கேக்கும் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சாமி, அன்னிக்குத் தண்ணியப் பனியில வெச்சுக் குளுர வெச்சுத்தான் ஊத்துனேன். ரைட்டர் அரை நாள் போட்டுருவாருன்னுதான் சாமி. உன்னய ஏமாத்தோணும்னு இல்ல. பதினாலு வருசமா நடுங்கறேன். அடிக்கறதுன்னா என்னய ஒரேயடியா அடிச்சுப் போடு. இல்லீன்னா இந்தப் பயத்தையாச்சும் எடுத்துக்க. குனிஞ்சுக்கிட்டே கும்புட்டு உன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு."

சின்னையன் அண்ணன் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் நின்றார். பயத்தை எடுத்துக்கொண்டேன் என்றால் கருப்பன் கிடாவைத் துலுக்க வைக்க வேண்டும். எல்லோரும் ஆட்டைப் பார்த்தோம். ஆடு மாலையிலிருந்த செண்டுமல்லியைத் தின்ன ஆரம்பித்தது.

முதலில் அசைந்தது அருக்காணி. ஊரில் நொம்பப் பேசுகிறவள் அவள்தான். இந்தச் சுடுதண்ணியில நானே தூங்கிருவேன், ஆடு எங்க துலுக்கும் என்று சொல்லி, அக்காவின் குடத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். ஓடிப்போய் ஊற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். ஆடு நின்றது. இன்னொருத்தி ஒரு குடம் கொண்டுவந்தாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவளை யார் கேட்டார்கள்? எந்தத் தப்புக்காக அவள் பதினாலு வருஷம் அழுதாளோ அந்தத் தப்பைப் பதினோரு பேரும் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். பெண்டாட்டிக்காகக் கடைசியில் சின்னையன் அண்ணனே ஒரு குடம் எடுத்து வந்தார். ஆட்டின் காதில் ஏதோ சொல்லிவிட்டு ஊற்றினார். துலுக்கச் சொன்னாரா, துலுக்காதே என்று சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

வேலைக்கு ஒருத்தியும் வரவில்லையே என்று தேடிக்கொண்டு ரைட்டர் வந்துவிட்டார். என்னவென்று கேட்டார். அருக்காணி மொத்தக் கதையையும், அரை நாள் உட்பட, அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். ரைட்டர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அந்தச் செம்பக் குடுங்க" என்றார். அவரும் ஒன்று ஊற்றினார்.

ஆடு கல்லாக நின்றது. ஒரு மயிர் அசையவில்லை. பூசாரி கையைப் பிசைந்தார். சாமி உத்தரவு இல்லை என்றால் அக்கா தாங்குவாளா என்று எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆட்டையே பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், திரும்ப ஆட்டைப் பார்த்தாள். அவள் உதடு ஓரத்தில் என்னவோ நடந்தது.

"ஏனுங்க பூசாரி, இந்தத் தண்ணி குளுருதுங்களா?"

அவர் குடத்துக்குள் விரலை விட்டுச் சட்டென்று எடுத்தார். "ஐசுக்கட்டியாட்டம் இருக்குதும்மா."

"அப்பக் குளுருனா ஆடு துலுக்காதுங்களா?"

"குளுருக்கு எங்கம்மா துலுக்கும்? அவன் மனசு வெச்சாத்தான் துலுக்கும். நீயே பாக்கறீயே."

அக்கா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"அப்ப அன்னிக்குத் துலுக்குனது அவனேதான். எந் தண்ணி இல்ல" என்றாள்.

பூசாரிக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனா இன்னிக்கு உத்தரவு வரலையேம்மா, பயத்தை எடுத்துக்கறேன்னு அவன் சொல்லலையே என்று இழுத்தார். எடுத்துக்கறதுக்கு என்ன இருக்குதுங்க, ஏமாத்துனாத்தானே பயம் என்று அக்கா எழுந்து சேலையை உதறினாள். துலுக்காத கிடாவை வெட்டக் கூடாது. சின்னையன் அண்ணன் யாரும் சொல்வதற்கு முன்பே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அருக்காணியும் ரைட்டரும் நானும் பின்னாலேயே போனோம்.

ஓடை திரும்பும் இடத்தில் அந்த ஆடு நின்று, தலையிலிருந்து வால் வரை ஒரு துலுக்குத் துலுக்கியது. அண்ணன் முழுக்க நனைந்துவிட்டார். பூசாரிக்குச் சொல்லலாமா என்று அருக்காணி கேட்டாள். நீங்க யாரும் ஒண்ணும் பாக்கல என்றார் அண்ணன். ரைட்டர், நான் பாக்கல என்று முதலில் சொன்னார். அன்று யாருக்கும் அரை நாள் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா பலாமரத்து வழியாகவே வந்தாள். நானும் கூட இருந்தேன். பத்திரிகைக்கு நான்கு மூலையும் மஞ்சள் தடவி, கருப்பன் காலடியில் வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, அந்தப் பக்கத்து மீச கொஞ்சம் எறங்கி இருக்குதில்ல?"

ஆமாம் என்றேன். பெயிண்ட் அடித்தவன் வைத்த கோணல். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது.

அக்கா கிட்டே போய்க் குனிந்தாள். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோல, கல்யாணத்துக்குள்ள அந்த மீசையச் சரி பண்ணச் சொல்றேன், அப்படியே வந்து நிக்காதே என்று அவனிடமே சொன்னாள்.