சுரங்க வாயிலில் விட்ட இக்காமா

அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தவர்கள்: கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை சாகுல் பாய், வண்டியும் அவருடையதுதான், என் மேல்கட்டில்காரன் முருகேசன், கோலார் தங்கவயல் தேவதாஸ் அண்ணன், பிறகு நான். வேறு யாருமில்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஒரு மனிதருக்கு இந்தக் கணக்கு உதைத்துவிட்டது.

நேற்று அக்கா மகன் ஜெத்தாவிலிருந்து லீவில் வந்தான். பெட்டியைத் திறந்ததும் சோப்பும் பேரீச்சம்பழமும் கலந்த அந்த வாசனை எழும்பியது. எனக்கு அந்த வாசனை வந்தாலே கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். சவூதியில் தங்கும் அனுமதிப் புத்தகமான இக்காமா இருக்கிறதா என்று பார்க்க. ஊர் திரும்பி இத்தனை வருஷம் ஆகியும் போகிறது, என்ன செய்ய. அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். "மாமா, பழைய தங்கச் சுரங்க ஊராம். செம இடம்." சுரங்க வாய்க்குள் குனிந்து ஜனங்கள் கத்திவிட்டு, எதிரொலி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாறையை எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த மலைப்பக்கம் ரோடு போடும் கம்பெனியில் இருந்தோம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஹெல்பர் வேலைதான். வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைப்பது, தூங்குவது. உடம்பு வேறெதையும் கேட்காது. சாகுல் பாய்தான் விடவில்லை. "வெள்ளைக்காரன் ஜீப் போட்டு வந்து பாக்குறான். பக்கத்துலயே கெடக்கிய, பாத்தா என்ன?" தங்கச் சுரங்கம் என்றதும் தேவதாஸ் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் கோலாரில் மண்ணுக்கடியில் பாறை சரியாமல் முட்டுக்கட்டை கொடுத்தவர். ஊரில் சுரங்கத்தை மூடிய பிறகு, மகளின் நர்சிங் படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்.

போனால், கூரை போன கல் வீடுகள், ஒரு போர்டு. மலையடியில் கறுப்பாக ஒரு வாய். அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயசான சூடானி வாட்ச்மேன், பக்கத்தில் கெட்டிலும் ஹெல்மெட் பெட்டியும். உள்ளேயிருந்து ஈரப்பாறை வாசனை வந்தது. பாலைவனத்தில் குளிர்ச்சி வந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அண்ணன் அதை மூச்சு நிறைய இழுத்தார். பிறகு பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட இக்காமாவை எடுத்து வாட்ச்மேன் கையில் கொடுத்தார். கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, அதப் போயி ஏண்ணே குடுக்குறீங்க?"

"எறங்கறவன் ஒண்ண மேல வச்சிட்டுத்தான்பா எறங்கணும். எங்கூர்ல பித்தள டோக்கன். அது வெளிய இருந்தா ஆளு உள்ள கீறான்னு அர்த்தம்."

"நம்மாளு தூக்கத்துலகூட இக்காமாவக் கட்டிப்புடிச்சிக்கிட்டுத்தான் கெடப்பான், அவன்கிட்டப் போயி சொல்றீங்களே," என்றான் முருகேசன்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. உளித் தடம், வவ்வால் நாற்றம். நான் சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். அண்ணன் கடைசியாக வந்தார், பாறையைத் தடவிக்கொண்டே. நாற்காலி காலியாக இருந்தது. வாட்ச்மேன் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போயிருக்க வேண்டும். அண்ணன் வாயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பாய் ஹாரன் அடித்தார். "யல்லா, இருட்டுறதுக்குள்ள போவோம்." எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

போலீஸ் சாவடி நெருங்கும்போது, வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். "எல்லாரும் இக்காமாவக் கையில வச்சிக்கங்க." முருகேசன் தலையில் அடித்துக்கொண்டே எடுத்தான். அண்ணன் பையைத் தொட்டார். பை காலியாக இருந்தது.

"கூப்ட்டுக் குடுப்பாங்கன்னு இருந்துட்டேன்பா," என்றார்.

அவர் ஊரில் அப்படித்தானாம். மேலே வந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு டோக்கனைக் கொடுப்பார்களாம். வாலிபத்திலிருந்து யாரோ கூப்பிடக் கேட்டே பழகின காது.

பாய் வண்டியைத் திருப்பினார். இக்காமா இல்லாமல் மாட்டினால் அறை எப்படி இருக்கும், எத்தனை பேரை அடைப்பார்கள் என்று கேள்விப்பட்டதெல்லாம் என் வாயில் வந்தது. "கொஞ்சம் வாய மூடுடா," என்றான் முருகேசன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அண்ணன் ஒரே ஒரு தடவை, "பாப்பாக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கீது," என்றார். கிழவர் வீட்டுக்குப் போயிருந்தால்? போலீஸில் கொடுத்திருந்தால்? வழியெல்லாம் என் இக்காமாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. என்ஜினை நிறுத்துவதற்கு முன்பே சத்தம் கேட்டது. அந்தக் கிழவர், ஒரு கையில் டார்ச், ஒரு கையில் இக்காமா, சுரங்கத்துக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"தீஃபாதாஸ்! யா தீஃபாதாஸ்!"

இக்காமாவில் படித்த அண்ணன் பேர் அவர் வாயில் அப்படி வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. எங்களைக் கண்டதும், "ஃபீ நஃபர் ஜுவ்வா!" என்று உள்ளே கை காட்டினார். ஆள் உள்ளே இருக்கிறான் என்று பதறினார். வண்டி போய்விட்டது, ஒரு இக்காமா மிச்சமிருக்கிறது. மனுஷர் வேறு என்ன நினைப்பார்?

அண்ணன் குதித்து ஓடினார். "கீறேன்யா! மேல கீறேன்! மேல வந்துட்டேன்!"

அந்தக் கிழவருக்குத் தமிழ் என்ன தெரியும். முதலில் அரபியில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கி, டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்து, இக்காமாவை அவர் சட்டைப்பையில் தானே வைத்துத் தட்டினார். அண்ணன் பாறைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். கெட்டிலில் மிச்சமிருந்த சுலைமானி டீயைக் கிழவர் எல்லோருக்கும் ஊற்றினார். ஆறிப் போயிருந்தது.

ரோடு முடிந்ததும் கேம்பைப் பிரித்தார்கள். பாய் கடையை யாருக்கோ கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். முருகேசன் துபாயில் சோனாப்பூர் பக்கம் போனான். அண்ணன் ராஸ் லஃபானில் வேலை கிடைத்துக் கத்தாருக்குப் போனார். மகள் பாஸாகிவிட்டாள் என்று ஒரு தடவை போன் செய்தார், அத்தோடு சரி.

வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். சுரங்க வாய்க்கு இரும்புக் கேட், உள்ளே கலர் விளக்கு. நாற்காலி இருந்த இடத்தில் காபி மெஷின். ஒரு பையன் குனிந்து தன் பேரையே உள்ளே கத்தினான், கூட்டம் சிரித்தது. எதிரொலி அடங்குவதற்குள் எல்லோரும் திரும்பி நடந்துவிட்டார்கள்.