வரைபடத்தில் இல்லாத நத்தம்

சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஹமீது வந்து நின்றார். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிப்பவர் அவர், மறுமுனை வைத்திலிங்கத்தினுடையது. "கிராணியாரே, வைத்தி போயிட்டாருங்க. காய்ச்சல் விடவே இல்ல. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். எனக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தாலும் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

வைத்தியைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். கீழத்தஞ்சையில் தலையாரி வீட்டுப் பிள்ளை. நில அளவை அலுவலகத்தில் படம் வரையும் குமாஸ்தாவான இந்தக் கிராணியை ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. "நீங்க காகிதத்துல நடக்கிறவரு, முள்ளே குத்தாது" என்பார். எனக்குக் கோபம் வந்தால் உடனே வெற்றிலையை மடித்து நீட்டுவார்.

சுவா சூ காங் மேட்டை அளந்தபோது சரிபார்க்க நானும் போனேன். மார்பளவு லாலாங் புல். என் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. வைத்தி புல்லை மிதித்துச் சாய்த்துக்கொண்டே போய், "பாக்கு மரம் தானா மொளச்சா வரிசையா நிக்குமா? சொல்லுங்க" என்றார். ஏழு மரங்கள், கயிறு பிடித்து நட்டதுபோல. பிறகு கரி படிந்த அடுப்புக் கற்கள், சரிவில் மண் அணைத்த வரப்புகள், மிளகுக்கொடிக்கு நட்ட கம்புகளின் இற்றுப்போன அடிக்கட்டைகள். அதற்கும் அப்பால், தலைமாட்டில் கல் வைத்த நான்கு மண்மேடுகள். ஒன்று முழ நீளம்கூட இல்லை. வைத்தி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மண்ணு செத்துப்போச்சு, விட்டுட்டுப் போயிருக்காங்க. புள்ளையத்தான் தூக்கிட்டுப் போக முடியல."

களத்தில் போட்ட கரட்டுப் படத்தை என்னிடமிருந்து வாங்கி அந்த மூலையில் பென்சிலால் 'நத்தம்' என்று எழுதினார். நம் ஊரில் குடியிருப்பு மனைக்குச் சொல்லும் சொல். வீடு இடிந்து, ஆள் போய், பாழானாலும் அது நத்தம்தான். யாரும் அங்கே ஏர் பூட்டமாட்டார்கள். "இதை மட்டும் படத்துல ஏத்திடுங்க. ரப்பர் தோட்டம் போடுறவன் இந்த மூலையை விட்டுருவான்" என்றார். அவருடைய கோணல் எழுத்தைப் பார்த்து, "என்னய்யா, நத்தையா?" என்று கேலி செய்தேன். ஐயோ, அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வேறு!

நத்தத்துக்கு இங்கிலீஷில் நேர்ச்சொல் தெரியாமல் 'கிராமம்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டேன். துரை பார்த்துவிட்டு, எத்தனை வீடு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் அழி என்றார். சமாதிகள் இருக்கின்றன என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நாக்கு எழவில்லை. கத்தி முனையால் சுரண்டி, அதே இடத்தில் 'வெற்று நிலம்' என்று எழுதினேன். அடுத்த வெயில் காலத்தில் ரப்பர் நடுவதற்காக மேடு முழுவதற்கும் தீ வைத்தார்கள். பாக்கு மரம்கூட மிஞ்சவில்லை.

வைத்தி என்னிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டார்.

"சமாதி இருக்குன்னு சொன்னீங்களா?"

நான் மைக்கூட்டை மூடினேன்.

"நீங்க எழுதலன்னா அங்க யாருமே குடியிருக்கல. அவ்வளவுதான்."

அதன் பிறகு அவர் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை ஹமீதோடு இடுகாட்டுக்குப் போனேன். கல் வைக்க யார் இருக்கிறார்கள்? ஹமீது அளவைக் குச்சி ஒன்றைத் தலைமாட்டில் அடித்திருந்தார். பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். "மழை வந்தா அழிஞ்சிடும்லா, விடுங்க" என்றார். நான் எழுதவில்லை. அன்றும் எழுதவில்லை.

வைத்தியின் கரட்டுப் படம் என் பெட்டியில் இருக்கிறது. பென்சில் மங்கி 'நத்' வரைக்கும்தான் தெரிகிறது. அதை யாரிடம் காட்டினாலும் செல்லாது. அரசாங்கப் பெட்டகத்தில் இருப்பது நான் வரைந்த படம். கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் தெரியாமல், மணிமணியான எழுத்து: வெற்று நிலம்.