மூன்றாவது புளியமரம்

பனியைப் படமெடுக்கக் கிளம்பிய முதல் வருஷம் நான் செய்ததெல்லாம் அநியாயம். சங்ககிரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் படம், ஜெராக்ஸ், லேமினேஷன், முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபம். எங்கள் தொழிலில் மங்கல் என்றாலே ஆகாது. முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், வானம் நீலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெண் வீட்டார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதே கையோடு மார்கழிக் காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பனியை எடுத்துவந்தேன். கம்ப்யூட்டரில் போட்டதும் பழக்கதோஷத்தில் மங்கலைத் துடைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரு ஏரி, மூன்று ஆடு, ஒரு மின்கம்பம். இந்தக் கண்றாவிக்கா ஐந்தரை மணிக்கு எழுந்து குளிரில் நடுங்கினேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பனி வெள்ளை, ஆனால் காமிரா அதைச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். நாம்தான் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து, அடியே, அது வெள்ளைதான் என்று அதற்குச் சொல்ல வேண்டும். ரொம்பக் கூட்டினால் வெறும் காகிதம்தான் மிஞ்சும். எங்கள் பக்கத்துப் பனி மலைமேல் இருக்கும் பனி மாதிரி நாள்முழுக்கத் தங்காது. ஆறரைக்கு ஏரியிலிருந்து கிளம்பி வயலெல்லாம் பரவி, ஏழேகாலுக்குள் போன இடம் தெரியாமல் போய்விடும். அந்த முக்கால் மணி நேரம் சங்ககிரி மலையே இருக்காது. லாரிப் பட்டறைகள், பெட்ரோல் பங்க், விளம்பரப் பலகைகள் எதுவும் இருக்காது. எனக்கு அந்த முக்கால் மணி நேரத்தின் மேல் அவ்வளவு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் லாரி லைனிலிருந்து வீடு வருகிற நாளுக்கு அப்படித்தான் காத்திருப்பேன்.

அவர் லாரி டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் வடக்கே ஓட்டியவர். அவருக்கும் பனி தெரியும், ஆனால் வேறு பனி. இரண்டு மார்கழிக்கு முன்னால் கான்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அதிகாலைப் பனியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருந்தபோது, அவரோடு மாற்று டிரைவராகப் போன எடப்பாடிக்காரர் பின்னால் வந்த வண்டியில் அடிபட்டு அங்கேயே போய்விட்டார். இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். இவரைவிட ஏழெட்டு வயது இளையவர், இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். உடலைக் கொண்டுவந்து சேர்த்த கையோடு என் வீட்டுக்காரர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இப்போது எடைமேடையில் சீட்டுப் போடுகிற வேலை. பனியில் அடிபட்டான் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. நானும் கிளறவில்லை.

அதற்கு அடுத்த மார்கழி வந்தது. வெயில் ஏறுகிறவரை ஜன்னலைத் திறக்கவிட மாட்டார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைப்பார். நான் இந்தப் பக்கம் காமிராவைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போவேன். ஒரு மனுஷனை நடுங்கவைப்பதை அவன் பெண்டாட்டி தேடித் தேடிப் போய் ரசிக்கிறாள் என்றால் அது என்ன பிழைப்பு என்று எனக்கே உறுத்தும். ஆனாலும் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் எடப்பாடியிலிருந்து போன் வந்தது. இறந்துபோனவரின் மனைவி. அந்த வருஷம் பூராவும் அவள் இவருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட இவர் எடுக்கவில்லை. கடைசியில் எனக்குக் கூப்பிட்டாள். இன்னும் இரண்டு வாரத்தில் வருஷத் திதி, அண்ணன் அவசியம் வர வேண்டும், அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போனாலும் சரி என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை எடைமேடை பூட்டித்தானே கிடக்கும் என்றேன். உடம்பு சரியில்லை என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்தப் பெண் கூப்பிடுகிறாள், சொந்தத் தம்பி மாதிரி இருந்தவன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறீர்களே, நாளைக்கு என் பொழைப்பும் அப்படி ஆனால் எவனும் எட்டிப் பார்க்கக் கூடாதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். "அந்தப் புள்ள உங்களக் கடிச்சா திங்கப் போகுது?" என்று கேட்டதுதான் கடைசி. அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சோறு பாதி அப்படியே கிடந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை நான் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லா, தோளில் சிவப்புத் துண்டு.

"நானும் வாரேன்" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் படுத்துவிடுவாரோ என்று பயம். பதினான்கு சக்கர வண்டி ஓட்டிய மனிதர் என் ஸ்கூட்டரின் பின்னால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

ஏரிக்கு மேற்கே பழைய ரோடு ஒன்று இருக்கிறது. பைபாஸ் வந்தபிறகு அதில் வண்டி ஓடுவதில்லை. ஒரு பக்கம் வரிசையாகப் புளியமரங்கள். அங்கே போய் நிறுத்தினேன். அன்றைக்கென்று பார்த்துப் பனி கெட்டியாக இறங்கியிருந்தது. அவர் ரோட்டின் நடுவில் அசையாமல் நின்று பார்த்தார். நான் லென்சில் படிந்த ஈரத்தைத் துடைத்தபடி அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். பனியில் ஓட்டுகிறவர்களின் கணக்கு அது என்றார். முன்னால் மூன்று மரம் தெரிந்தால் மெதுவாக ஓட்டலாம். இரண்டுதான் தெரிகிறது என்றால் எவ்வளவு அவசரமான லோடாக இருந்தாலும் ஓரங்கட்டிவிட வேண்டும். மூன்றாவது மரத்தை மட்டும் பார், அது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போ என்று அவருக்கு வண்டி பழக்கியவர் சொன்னாராம்.

நான் காமிராவைக் கண்ணில் வைத்தேன். அடேயப்பா, இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியவில்லையே. முதல் மரம் கறுப்பு, ஒவ்வொரு இலையும் தெரிகிறது. இரண்டாவது சாம்பல், கிளைகள் மட்டும். மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவைக்கிறது. என் படங்களில் சிலது மட்டும் ஏன் நெஞ்சைத் தொடுகிறது, மற்றதெல்லாம் ஏன் சப்பென்று இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. நெஞ்சைத் தொட்டதிலெல்லாம் இப்படி ஒன்று, பாதி போய்ப் பாதி நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த மூன்றாவது மரத்தடியில் ஒரு ஆள் நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைகளை விரட்டுகிற மாதிரியே அவரையும் விரட்டினேன். அப்படியே பின்னால போங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன். எதிர்ப் பேச்சில்லாமல் போனார். இரண்டாவது மரத்தில் ஆள் தெரிந்தார். அதைத் தாண்டியபின் துண்டின் சிவப்பு மட்டும் தெரிந்தது. மூன்றாவது மரத்தடியில் அந்தச் சிவப்பும் வெளுத்திருந்தபோது அழுத்தினேன். அருமையாக விழுந்துவிட்டது. பேராசை யாரை விட்டது? இன்னும் ரெண்டடி என்று கத்தினேன். அந்த நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பி ஒரு பொதி பனியை ரோட்டின்மேல் தள்ளியது. மரம் போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. காமிரா நெஞ்சில் இடிக்க இடிக்க ஓடினேன். முதல் மரம், இரண்டாவது மரம். மூன்றாவது மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அது பனி இல்லை.

கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று அடிக்காத குறையாகக் கேட்டேன்.

"உழுந்துச்சு. அன்னைக்கு நானும் இப்படித்தான் கூப்புட்டேன்" என்றார்.

ரோட்டோரம் இருந்த சிறு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். அன்று இரண்டு மரம்தான் தெரிந்ததாம். ஓரங்கட்டிவிட்டார்கள். அப்படி நிறுத்தினால் ஒருவர் இறங்கி மரத்தில் கொப்பு ஒடித்து வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்துக்குப் போட்டுவர வேண்டும், பின்னால் வருகிறவனுக்கு அதுதான் எச்சரிக்கை. இன்னொருவர் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவார். முறைவைத்துக்கொண்டுதான் செய்வார்களாம். அன்று இறங்க வேண்டிய முறை இவருடையது. குளிருக்குச் சோம்பல்பட்டு, நான் டீ வைக்கிறேன், நீ போ என்றிருக்கிறார். எடப்பாடிக்காரர் போனார். சத்தம் கேட்டது. இவர் இறங்கி நின்று கூப்பிட்டார். மூன்று தடவை, நான்கு தடவை.

"என்ற எடத்துல அவன் செத்தான். அந்தப் புள்ள மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷனிடமா நேற்று அப்படிப் பேசினேன் என்று என்னையே நொந்துகொண்டேன். பனி மெல்ல விலகிப் பட்டறைகளில் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவரே எழுந்தார். எடப்பாடிக்குப் போகலாம் என்றார். திதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். திதியன்று ஆட்கள் இருப்பார்கள், இதை ஆட்கள் முன்னால் சொல்ல முடியாது என்றார்.

குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே போனோம். அவள் வீட்டோடு ஒட்டிய கூரைக் கொட்டகையில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. வாங்ண்ணா, வாங்க அண்ணி என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இவர் உட்கார்ந்தார். தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்படியே எழுந்து வந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. வேறு வழி தெரியாமல் பையிலிருந்து காமிராவை எடுத்துக் காலையில் எடுத்த படத்தை அவளிடம் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் இதில் எங்கே என்று கேட்டாள். மூன்றாவது மரத்தடியில் வெளுத்திருந்த சிவப்பைத் தொட்டுக் காட்டினேன். இவர் எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு இவ்வளவுகூடத் தெரியலம்மா" என்று ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. "அது என்ற முறைம்மா" என்பதை இரண்டு தடவை சொன்னார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டினால் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றினாலும் தூற்றட்டும், அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"தெரியுமுங்ண்ணா" என்றாள்.

அன்று வண்டியை விட்டு இறங்கின கையோடு அவள் புருஷன் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். இரவெல்லாம் இவர் இருமிக்கொண்டிருந்ததைச் சொல்லி, முறை அண்ணனுடையதுதான், இந்தக் குளிரில் அவரை எங்கே இறக்குவது, நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாராம். முதல் நாளிலிருந்தே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. இவர் ஒரு வருஷமாக எதைச் சொல்லப் பயந்து ஒளிந்தாரோ அதற்காக அவள் கூப்பிடவே இல்லை.

அப்புறம் எதற்காகக் கூப்பிட்டாய் என்று நான்தான் கேட்டேன்.

அவள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். இவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எறங்கறதுக்கு முன்னால ஒரு வாய் டீ குடிச்சாருங்களாண்ணா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிடுங்களேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் சொல்லவில்லை.

"இல்லம்மா. தண்ணி அப்பத்தான் காஞ்சுது" என்றார்.

அவள் சரியென்று தலையாட்டினாள். காமிராவை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.