முதலாளி தள்ளிய பஸ்

கண்டக்டர் வேலை என்றால் டிக்கெட் கிழிப்பது என்றா நினைக்கிறீர்கள்? யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் குளத்தூர் ரூட்டில் கரி பஸ் ஓட்டிய எங்களைக் கேளுங்கள்; வசவு வாங்குவதுதான் வேலை. முதலாளி முன்னால் கைகட்டி நின்றவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எழுதி மாட்டிய நியாயம்

பின்னால் அடுப்பில் கரி எரியும், அந்தப் புகையில் வண்டி ஓடும். மேடு வந்தால் நின்றுவிடும். "மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளவும். பெரியவர், சிறியவர் பேதமில்லை" என்று முதலாளி பலகை எழுதி மாட்டினார். நல்ல கரி போட்டால் தள்ளவே வேண்டாம். அவர் வாங்கித் தந்ததோ ஈரக்கரி. டிரைவர் சவரிமுத்து அண்ணன் போய்ச் சொன்னதற்கு வந்த பதில்: "நேர்மையா ஓட்டுனா எந்தக் கரியிலயும் ஓடும்ப்பா!"

முன் சீட்டு

முன் சீட்டு மிராசுதார் ஒருநாள் இறங்க மாட்டேன் என்றார். பலகையைக் காட்டினேன். ஆவூர்ப் பாதிரியாரே அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார் என்றேன். மனுஷர் அசையவில்லை. "ஏம்ப்பா, இதை எழுதுன ஒங்க மொதலாளி என்னைக்காச்சும் தள்ளியிருக்காரா?"

பட்டுவேட்டி

அடுத்த வாரமே முதலாளி ஏறினார், கல்யாணத்துக்குப் பட்டுவேட்டியில். மேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து அண்ணன் திரும்பி, "பலகையில போட்டிருக்கே மொதலாளி, எறங்குங்க" என்றார். அண்ணனுக்கு ஐந்து பிள்ளைகள்; இந்த வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை. பாவி மனுஷன், ஏன்தான் வாயைத் திறந்தாரோ!

முதலாளி முறைத்தார். வெளியே அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இறங்கி, பின்னால் வந்து வண்டியில் கையை வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற கருவாட்டுக்காரம்மா விடவில்லை: "கைய வச்சாப் போதாது மொதலாளி, தள்ளணும்!"

மறுநாள்

காலையில் முதலாளி எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் பஸ் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். கொடியில் பட்டுவேட்டி தொங்கியது. துவைத்தும் கரி போகவில்லை. வாசலில் நல்ல காய்ந்த கரி, மூட்டை மூட்டையாக. முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாவிய நீயே வச்சுக்க சவரிமுத்து. அந்தப் பலகைய மட்டும் கழட்டிரு."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டேன். எவராவது நியாயம் பேச ஆரம்பித்தால், அவருக்கு ஒருநாளாவது இடுப்பு பிடித்திருக்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.