மீன் வாளியும் மரத்தூளும்

பட்டினப்பாக்கத்துக் குடிசையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, இருபத்திரண்டு படகு கட்டியவன் நான். பாலவாக்கத்தில் பட்டறை போட்டேன். அசோக் நகரில் மாடிவீடு கட்டினேன். தண்ணீரே ஊற்றாத கக்கூஸைப் படகில் வைக்கலாம் என்று சொன்னபோது சிரிக்காத ஆள் கிடையாது. இன்று சுற்றுலாப் படகுக்காரர்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் அது பட்டறையில் பிறந்ததல்ல. எனக்கு ஒன்பது வயதில், அடையாற்று முகத்துவாரத்தில், கார்த்திகை வெள்ளத்தில் பிறந்தது.

ஆறு குடிசைக்குள் வந்துவிட்டது. விட்டுப் போனால் படகை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அப்பா எங்களையும் அதில் ஏற்றிவிட்டார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, அம்மா, நான், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான அத்தை. நங்கூரம் போட்ட படகில் மூன்று நாள். ஒதுங்குவதில் எனக்கும் நைனாவுக்கும் கவலை இல்லை, விளிம்பில் நின்றால் முடிந்தது. இப்போது என் படகில் எவனையும் அப்படி நிற்க விடமாட்டேன்.

அத்தை தண்ணீரைத் தொடவில்லை.

"இன்னாம்மா, ராணியாட்டம் குந்திக்கினு கீறே? ஒரு வாய் குடிச்சா கிரீடம் வுழுந்துடுமா?" என்றார் நைனா.

"தாகம் இல்லண்ணா."

அண்ணன் தங்கைச் சண்டை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காலை அத்தை உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். உதடு வெடித்திருந்தது. அம்மா சொம்பை வாயில் வைக்க, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தாள். "குடிச்சா எங்க அண்ணி போறது? பாலத்து மேல ஊரே நின்னுக்கினு வெள்ளம் பாக்குது."

நான் மீன் வாளியை எடுத்தேன். ஐஸ் கட்டி உருகாமலிருக்க வைத்திருந்த மரத்தூளை அடியில் கொட்டினேன். கித்தானைச் சுற்றிக் கட்டி மறைத்தேன். போகும்போதெல்லாம் மேலே இரண்டு கை மரத்தூள் போட வேண்டும் என்று உத்தரவும் போட்டேன்.

"டேய், நாளைக்கு அதுல மீனு போடணும்டா."

"வேற வாளி வாங்கிக்கலாம் நைனா. வேற அத்தைய எங்க வாங்குறது?"

நைனா கித்தான் முடிச்சை இறுக்கிக் கொடுத்தார். அத்தை போய்விட்டு வந்தாள். உடனே அம்மா உள்ளே ஓடினாள், வெகுநேரம் வரவில்லை. அத்தைக்கு வைத்ததில் இவளுக்கு என்ன வேலை என்று எனக்குக் கோபம்.

மதியம் நாற்றமெடுத்தது. "ரெண்டும் ஒண்ணா சேந்தாத்தாண்டா நாறும்," என்று அம்மா சிறுநீருக்குத் தனியாக ஒரு தகரம் வைத்தாள். நாற்றம் அடங்கியது. வெள்ளம் வடிந்ததும் வாளியை மூடி எடுத்துப்போய், கிணற்றுக்கு எட்டாத மேட்டில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம். அம்மா சோப்புப் போட்டு இரண்டு தடவை கைகழுவ வைத்தாள். இன்றைக்கும் என் கக்கூஸில் அதே முறைதான். முன்னால் போவது தனி, பின்னால் விழுவது மரத்தூளில். நிறைந்த பீப்பாயை மூடி வைத்தால் ஒரு வருஷம் யாரும் தொடக்கூடாது.

அன்று அத்தை மூன்று சொம்பு தண்ணீர் குடித்தாள். தையில் பெண் பிறந்தது. நான் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

வாளி வைக்கும்வரை அம்மா தன் பங்குத் தண்ணீரை என்னிடம் நீட்டி, "எனக்கு வாணாம், நீ குடி," என்றாள். நானும் குடித்தேன். மழைக்காலம், அம்மாவுக்குத் தாகம் எடுக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இப்போது சுற்றுலாப் படகின் கக்கூஸ் கதவில் பளபளவென்று பலகை மாட்டியிருக்கிறார்கள். படம் வரைந்த என்ஜினியர் பெயர் மட்டும் இருக்கிறது. இருக்கட்டும். அதற்கு மேலே என் பெயரைப் போடுங்கள். தனித் தகரம் வைத்த என் அம்மாவின் பெயரை எனக்கும் மேலே போடுங்கள்.