ராயபுரத்துக்கு அனுப்பிய பிரஷர் மெஷின்

ரோட்டர்டாமுக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மாடிப்படியில் நடக்கும் பேச்சில் எனக்கு இன்னும் பிடி கிடைப்பதில்லை. அடுத்த வீட்டு ஆனிகா, குழந்தை விஷயமாக டாக்டரிடம் போவதாகச் சொன்னாள். வாழ்த்துச் சொல்லி, எத்தனை மாதம் என்று கேட்டேன். "இன்னும் இல்லை, இனிமேல்தான்," என்றாள். ஏதாவது கோளாறா என்று குரலைத் தாழ்த்தினேன். "இல்லையே. கோளாறு வராமல் இருக்கத்தானே போகிறேன்?" என்று என்னை விநோதமாகப் பார்த்தாள். இதற்கென்றே இங்கே 'கிண்டர்வென்ஸ்' ஆலோசனை இருக்கிறது; குழந்தை ஆசை என்று பொருள். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, விழுங்கும் மாத்திரை எல்லாவற்றையும் கரு தங்குமுன்பே பார்த்துவிடுகிறார்கள்.

ராயபுரத்தில் என் கடைசித் தங்கை ஸ்டெல்லாவுக்கு யாரும் எதையும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. முதல் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறியது. அவளைக் காப்பாற்றக் குழந்தையை அவசரமாக எடுத்தார்கள், குழந்தை பிழைக்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று அவள் மாமியார் ரெஜினா அம்மா முடிவு கட்டினார். இப்போது ஸ்டெல்லாவுக்கு மறுபடியும் ஆசை. ஒருமுறை அப்படி ஏறியவளுக்கு அடுத்த முறையும் ஏறலாம், அதனால் முதலில் டாக்டரைப் பார் என்று நான் போனில் தொண்டை வற்றக் கத்தினேன். போனைப் பிடுங்கி ரெஜினா அம்மா பேசினார்: "மொதல்ல புள்ள நிக்கட்டும்மா. அதுக்கு முன்னாடியே டாக்டராண்ட இட்டுகினு போனா, பொண்ணுக்கு இன்னா கோளாறுன்னு தெருவே கேக்கும்."

வீட்டிலாவது பார்க்கட்டும் என்று கையில் கட்டும் பிரஷர் மெஷினை வாங்கி, ஊருக்குப் போனவரிடம் கொடுத்தனுப்பினேன். எப்படி உட்கார வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும், ஏன் பேசக்கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மெஷின் வாசல் ஓரத் தையல் மேசையில் குடியேறியிருந்தது. காசிமேட்டிலிருந்து கூடையோடு திரும்பும் மீன்காரப் பெண்கள், எதிர்வீட்டு ரிடையர்டு ரயில்வேக்காரர் என்று தெருவே கையை நீட்டியது. கட்டிவிடுவது ஸ்டெல்லா. அவளுக்குப் 'பிரஷர் அக்கா' என்று பெயரும் வந்துவிட்டது.

"உனக்குப் பார்த்தியாடி?"

"எனுக்கு இன்னாத்துக்கு? நல்லாத்தான் கீறேன். தல சுத்துனா பாத்துக்கலாம்."

"உப்பைக் குறைச்சியா?"

"கொழம்புல பாதிதாங்கா போடறேன். சப்புன்னு கீதுன்னு கருவாடு தொட்டுக்கறேன்."

அன்று அழுத்தம் ஏறியது எனக்குத்தான். கருவாடே உப்பு என்பதைக் கடலோரத்தில் பிறந்தவளுக்கு நான் கடல் தாண்டி இருந்து சொல்ல வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை வீடியோவில் அழைத்து, இன்று நீ கட்டாமல் நான் போனை வைக்கமாட்டேன் என்றேன். "நீயும் கட்டு, அப்பதான்," என்று அடம்பிடித்தாள். என்னிடமும் ஒரு மெஷின் இருந்தது. இருவரும் கட்டிக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்தோம். நாங்கள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. நடுவே எங்கோ கப்பல் ஊதியது. அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.

அவள் மெஷின் அடங்கியது. ஸ்டெல்லா எண்ணைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பட்டையைக் கழற்றி, மறுபடி கட்டி, காத்திருந்து பார்த்தாள்.

"நூத்தி அம்பத்தெட்டுக்கா," என்றாள். "இத்தவிட கம்மியா வந்ததுங்களையே நான் டாக்டராண்ட தொரத்திகீறேன்."

"இன்னாடி வந்துச்சு?" என்று பின்னாலிருந்து ரெஜினா அம்மாவின் குரல்.

"பொடவய மாத்துங்க அத்த. ரெண்டு பேரும் டாக்டராண்ட போறோம்."

"தெருவுல கேட்டா?"

"கேக்கறவ கைய நீட்டட்டும், அவளுக்கும் கட்டி வுடறேன்."

போன் அணைந்தது. என் கையில் பட்டை காற்றிறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என்ன வந்தது என்று நான் பார்க்கவேயில்லை. வெளியே மறுபடி கப்பல் ஊதியது. ஜன்னலுக்குப் போய், தூறலில் கிடந்த டச்சுத் தெருவில், ஸ்டெல்லா வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறாளா என்று எட்டிப் பார்த்தேன்.