தும்மக் கூடாத கம்பிகள்

திருவனந்தபுரத்தில் பைக் லைசென்ஸ் வேண்டுமானால் முதலில் எட்டு எடுக்க வேண்டும். எட்டு வடிவில் நட்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே, தரையில் கால் குத்தாமல், எதிலும் இடிக்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு, ஹைவேயில் வண்டி ஓட்டிப் போகவேண்டிய கழக்கூட்டத்தில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் இந்த எட்டுப் பைத்தியம் பிடித்தது, அப்பாவைத் தவிர.

"ஹைவேயில லாரி போற போக்கு தெரியும்லா? மொதல் தடவையே எட்டு எடுத்தா வேலைக்குப் போ. இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

அத்தை அதற்கும் சரி என்றாள். ஆரியசாலையில் எங்கள் வற்றல்மிளகாய்க் கடைக்குப் பின்னால் லாரி திருப்பும் முற்றம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கோலப்பொடியால் எட்டு போட்டாள். கம்பிக்கு எங்கே போவது? தெருப் பிள்ளைகளை நிறுத்தினாள். நடு வளைவில் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அனங்கப்படாது, அசையப்படாது, கேட்டியளா? கம்பி தும்மாது," என்றாள். மிளகாய் நெடியில் அது லேசுப்பட்ட காரியமா? நாங்கள் தும்முவோம், அத்தை கால் குத்துவாள், திட்டு எங்களுக்கு விழும். அத்தனை சந்தோஷமான ஞாயிறுகள் பிறகு வாய்க்கவில்லை.

டெஸ்ட்டுக்கு முந்தைய ஞாயிறு ஒரு கம்பிக்குக் காய்ச்சல். எனக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அந்த இடம் வந்தாலே அத்தை வண்டியைக் கோலத்துக்கு வெளியே விட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடையின் பின்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரை வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றார்.

"ம், எடு."

அத்தை எடுத்தாள். வண்டி அப்பாவின் முழங்காலை உரசுகிற மாதிரி வந்து, வளைந்து, போனது. மறுபடியும் வந்தது. கால் குத்தவே இல்லை. அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி நின்றார்.

முதல் தடவையே அத்தை தேறினாள். வேலைக்குக் கிளம்பிய அன்று அப்பா புது ஹெல்மெட்டைத் தானே அவளுக்கு மாட்டி, வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் ஓடிப்போய் அத்தையிடம் போட்டுக்கொடுத்தேன்.

"அத்த, அன்னைக்கு அப்பா கண்ண மூடிட்டுல்லா நின்னாவ. சரியான பயந்தாங்கொள்ளி!"

அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பா போன வாசலையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக, மிக மெதுவாக, வண்டியை எடுத்தாள். வண்டி தன் மேல் ஏறிவிடும் என்றுதான் அப்பா பயந்தார் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.